ஆறு இதழ் ரப்பர்

முதல் போல்ட்டு சுலபமாகக் கழன்று வந்துவிட்டது. ஜெசிந்தாவுக்கு அது பிடிக்கவில்லை. கடல் காற்றில் கிடக்கிற எஞ்சினில் எந்தப் போல்ட்டும் நாலு அடி வாங்காமல் கழலாது, ஆனால் இதைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் மெக்கானிக் பெர்க்மான்ஸ் அண்ணன் கிரீஸ் தடவி முறுக்கினார், அதனால்தான் வெண்ணெயிலிருந்து எடுக்கிற மாதிரி வருகிறது. இன்னும் நாலு இருக்கிறது. நாலும் வந்தால் எஞ்சினின் கால், வள்ளத்துக்கு வெளியே தண்ணிக்குள் தொங்குகிற பாகம், தனியாகக் கையில் வந்துவிடும், காலின் உச்சியில் உட்கார்ந்திருக்கிற தண்ணி பம்பைத் திறப்பார்கள், உள்ளே இருக்கிற ரப்பரைப் பார்ப்பார்கள். என்ன பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கப் போகிற மூன்று ஆம்பளைகளுக்கும் தெரியாது. அவள் அடுப்படிப் பின்வாசல் படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மடியில் மகள் மெரின் ஒரு வெங்காயத் தோலைக் கையில் பிடித்துக்கொண்டு அது என்ன சாமான் என்று ஆராய்ந்துகொண்டிருந்தாள். எட்டு மாசம், கீழ் ஈறில் ரெண்டு அரிசிப் பல். பூசை முடிந்து வந்த சட்டையைக்கூட மாற்றாமல் அவள் புருசன் ரெமிஜியுஸ் முருங்கை மரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வள்ளத்தில் அவனோடு கடலுக்குப் போகிற தொபியாஸ் மாமா கவிழ்த்துப் போட்ட மீன் கூடைமேல் உட்கார்ந்திருந்தார். மரச்சட்டத்தில் மாட்டியிருந்த எஞ்சினுக்கு முன்னால் பெர்க்மான்ஸ் அண்ணன் முட்டி போட்டிருந்தார், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு முட்டி போடுகிற மாதிரியே. போட வேண்டியவள் இங்கே வெங்காயம் உரிக்கிறாள். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற நேரமா இது என்று கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெங்காயத்தால் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அது நல்லதாகப் போயிற்று, யாராவது பார்த்தாலும் வெங்காயம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரெண்டாவது போல்ட்டு. "நீரு ஒவ்வொண்ணா எடுத்து இந்தத் தட்டுல வையும்," என்றான் ரெமி. நீரு. முந்தின ஞாயிறு வரைக்கும் "ஏல பெர்க்கு"தான், ஏல வா, ஏல சாப்பிடு, ஏல உன் மூஞ்சிக்கு எவன்ல பொண்ணு குடுத்தான் என்று. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மெரினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையை ஏந்தியது இந்த பெர்க்மான்ஸ் அண்ணன்தான். இப்போது நீரு, வாரும், வையும். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஜெசிந்தா உள்நாட்டுக்காரி, சாத்தான்குளம் பக்கத்து வாழைத்தோட்டத்துப் பிள்ளை, கல்யாணமாகி வந்து இந்த மூணு வருசத்தில் கடற்கரைக்காரர்களைப் பற்றி அவள் கற்றுக்கொண்டது, இவர்கள் கெட்ட வார்த்தை பேசினால் பாசமாக இருக்கிறார்கள், மரியாதை கொடுத்தால் வெட்டப் போகிறார்கள் என்பது. சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கோவில் மண்டபத்தில் வள்ளக்காரர்கள் கூட்டம். அந்தக் கூட்டத்தில் எழுந்து, பெர்க்மான்ஸ் டூப்ளிகேட் ரப்பரைப் போட்டு என்னையும் தொபியாஸ் மாமாவையும் நடுக்கடலில் நிறுத்திவிட்டான், இனிமேல் ஒருத்தரும் அவன் கையில் எஞ்சினைக் கொடுக்காதீர்கள் என்று ரெமி சொல்லப் போகிறான். வெள்ளிக்கிழமையிலிருந்து பாதி ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, மீதிப் பாதிக்கு மண்டபத்தில். சொல்லிவிட்டால் முடிந்தது. அறுபது வள்ளம் உள்ள ஊரில் ஒரு மெக்கானிக், அவர் கையைப் பற்றி ஒரு சொல் விழுந்துவிட்டால் பிறகு அந்தக் கொட்டகையில் அவர் யாருடைய எஞ்சினைக் கழற்றுவார். சொல்வதற்கு முன்னால் என் கண் முன்னால் திறந்து பாருங்கள் என்று அவராகவேதான் வந்திருக்கிறார். டூப்ளிகேட் என்றால் நானே ஊரைவிட்டுப் போகிறேன் என்று நேற்று வாசலில் நின்று சொன்னார். அவருக்குப் பயமே இல்லை. டூப்ளிகேட் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அஞ்சு, பத்து, அப்புறம் எத்தனை என்று தெரியாது. வெங்காயத்தை உரிக்க உரிக்க அவள் மனசு இந்தக் கணக்கில்தான் போய்ப் போய் முட்டிக்கொண்டு நின்றது. செவ்வாய்க்கிழமை அஞ்சு அருள் நிறைந்த மரியே. புதன்கிழமை பத்து. வியாழக்கிழமை சொல்லிக்கொண்டே கண் அசந்துவிட்டாள், அதனால் எத்தனையோ. ஆரம்பித்து வைத்தது போன ஞாயிறுதான். பழைய ரப்பர் தேய்ந்துவிட்டது, கரையில் மணலோடு தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி எல்லா எஞ்சினுக்கும் வருசத்துக்கு ஒருதரம் வருவதுதான் என்று சொல்லி பெர்க்மான்ஸ் அண்ணன் புதுசு போட்டார், போட்டுவிட்டு எஞ்சின் காலை நீல டிரம்முக்குள் இறக்கி, ரெமி கடலிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்த்தார்கள். பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எஞ்சின் ஒண்ணுக்குப் போகுது பார் என்று தொபியாஸ் மாமா மெரினுக்குக் காட்டினார். காலையிலிருந்து பல் முளைக்கிற வலியில் வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை, குழாயைத் திருகி மூடினாற்போல அழுகையை நிறுத்தியது. கண்ணை அகலத் திறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டது. அப்படியே தலை சாய்ந்து தூங்கிவிட்டது. மீன்காரன் பிள்ளைல்லா என்று ரெமிக்குப் பெருமை தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்டு போய், காற்றாடி நின்று, பிள்ளை நீலம் பாரித்து அழுதபோது ரெமி கடற்கரையில் வலை சரிபார்க்கப் போயிருந்தான். தோளில் போட்டாள், தொட்டிலில் போட்டாள், கிராம்புத் தண்ணியை ஈறில் தடவினாள், பாட்டுப் பாடினாள், அவள் பாட்டுக்கு யார்தான் அழமாட்டார்கள். முற்றத்தில் எஞ்சின் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ரெமி தினமும் கரைக்கு வந்ததும் அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிவிடுவான், கரையில் விட்டால் காணாமல் போகும். நீல டிரம் காலி. டிரம்மை நிரப்ப வேண்டுமென்றால் பிள்ளையை எங்கே விட்டுவிட்டுக் கடலுக்குக் குடம் தூக்கிக்கொண்டு போவது, வீட்டில் இருப்பது மூணு நாளைக்கு ஒருதரம் லாரியில் வருகிற நல்ல தண்ணி, அதைப் போய் எஞ்சினுக்கு ஊற்றுவார்களா, சோறு பொங்கவே அளந்துதான் ஊற்றுகிறாள். ஒரு நிமிசந்தானே. பைக் எஞ்சின் என்ன தண்ணிக்குள்ளே நின்றா ஓடுகிறது. ரெமி செய்கிற மாதிரியே பெட்ரோல் டேங்கு மூடியில் இருந்த காற்றுத் திருகைத் திறந்தாள், சோக்கை இழுத்தாள், சட்டத்தில் இடது காலை ஊன்றிக் கயிற்றை இழுத்தாள். மூணாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மெரின் வாயை மூடினாள். அஞ்சு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம் ஓடவிட்டு நிறுத்தினாள்.

அதைவிட மோசம், அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. வாழைத்தோட்டத்துக் கிணற்று மோட்டார் தண்ணி ஏறாமல் ஓடினால் அப்பா செருப்பைக்கூடப் போடாமல் ஓடுவார், ஏ கழுதைகளா காத்துல ஓட்டுதீங்களே, உள்ள இருக்கிறதெல்லாம் வெந்து போகுமே என்று. எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அது பம்பு என்று தெரியும், இது எஞ்சின் என்று நினைத்துவிட்டாள், எஞ்சினுக்குள்ளேயும் ஒரு பம்பு இருக்கும், அதற்குள்ளே ஆறு இதழ் வைத்த ஒரு ரப்பர் சுற்றும், தண்ணிதான் அதற்கு எண்ணெய், தண்ணி இல்லாவிட்டால் அது தன் கூட்டிலேயே உரசி உரசிச் சூடேறி வேகும் என்று யார் கண்டார்கள். யார் கண்டார்கள் என்று சொல்வதும் பொய்தான். புதன்கிழமை காலையில் கடலிலிருந்து வந்த ரெமி, தண்ணி கொஞ்சம் மெலிஞ்சு வருதே ஜெசி, புது ரப்பருல்லா என்றான். அவள் அவனுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டது. கேட்டு, உள்ளே எங்கேயோ ஒன்று லேசாக அசைந்தது, அதைத் தொடாமல் விட்டுவிட்டுத் துண்டு மீனை எடுத்து வைத்தாள். அன்றைக்கு மத்தியானமும் இழுத்தாள். வியாழக்கிழமை கதவில் சாய்ந்து கண் அசந்தபோது ரப்பர் வேகிற நாற்றம் மூக்கில் ஏறி எழுந்தாள், எவனோ டயரைக் கொளுத்துகிறான் என்றுதான் நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க வேண்டும் என்று நினைத்தாளா. டயரைத் தேடி எட்டிக்கூடப் பார்க்கவில்லை அவள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

"மூணாவதும் வந்துட்டு," என்றார் தொபியாஸ் மாமா. "பெர்க்மான்சு முறுக்குனது கையா, குறடா? எனக்கு எம்மவ கல்யாணத்துக்குப் பந்தக்கால் இப்படி ஊனுனா பிடுங்க லேசா இருக்கும்." ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் உள்ளங்கைகளை மேலே பார்க்க மடியில் வைத்திருந்தார், ரெண்டிலும் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கையோடுதான் வந்தார். கோவில் கோபுரம் விரல் நகம் அளவுக்குத் தெரிகிற தூரத்தில், பீய்ச்சுகிற தண்ணீர் நூலாகி, நூல் ஆவியாகி, எஞ்சின் மூடியின் பெயிண்டு பொங்கி வாடை அடித்து, முக்கி முனகி நின்றுவிட்டதாம். மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று வள்ளத்தைக் கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் மாற்றி மாற்றித் துடுப்பு போட்டார்களாம், ரெண்டு மணி நேரம் போட்டும் கோபுரம் பெரிசாகவில்லையாம். பெரிசாகாதது மட்டுமில்ல மருமவளே, சின்னதாச்சு என்று அவர் அன்றைக்குச் சொன்னபோது ஜெசிந்தா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், அவர் எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும். பிறகு அவர் சாவகாசமாக, தண்ணி இல்லாம ஓட்டுனாத்தான் புது ரப்பரு இப்படிச் சாகும், ஆனா கடல்ல எங்க தண்ணிக்குப் பஞ்சம் என்றார். அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, எங்கே எடுத்து வைப்பது என்று தெரியவில்லை. வேறொரு வள்ளம் பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தது என்று சொல்லிக்கொண்டே ரெமி சட்டையைக் கழற்றினான். ஊர் முழுக்கக் கரையில் நிற்கும்போது கட்டி இழுத்துக்கொண்டு வந்ததுதான் அவனுக்கு வலி. அவளுக்கு வலி அது இல்லை. அந்த வள்ளம் அந்தப் பக்கம் வராமல் போயிருந்தால் என்பது. வராமல் போயிருந்தால் என்பதற்கு அப்புறம் அவள் மனசு ஒரு அடிகூட எடுத்து வைக்காது, அந்த இடத்தில் வெறும் வெயிலும் தண்ணீரும்தான் தெரியும், கோபுரம் இல்லாமல். மெரின் வெங்காயத் தோலை வாய்க்குக் கொண்டுபோனாள். "ச்சீ, எடு," என்று பிடுங்கினாள். பிள்ளை முறைத்தது. அப்பனின் முறைப்பு அப்படியே.

சொல்லிவிட எத்தனை தடவை வாயைத் திறந்திருப்பாள். ஏங்க, ஒரு விசயம் என்று ஆரம்பித்தால் பால் பவுடர் தீர்ந்துபோச்சு என்று சொல்லப் போகிற மாதிரி இருக்கிறது. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று ஆரம்பித்தால் ரெமியின் முகம் வேறு எங்கெங்கேயோ போய்விடும், பிறகு எஞ்சின் விசயம் என்று தெரியும்போது முதலில் நிம்மதிதான் வரும், அது நல்ல யோசனைதான் என்று நேற்று ராத்திரி சோற்றுப் பானையைக் கழுவும்போது அவளுக்கே தோன்றிச் சிரித்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமைக்குள் அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். சொல்வதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது அவள் தப்பு மட்டும். சொன்னதற்கு அப்புறம் சொன்னால் அவன் சொன்னதும் சேர்ந்து தப்பாகிவிடும். ஒரு நாள் பிந்தினால் ஒரு ஆள் கூடுகிறது. இன்றைக்குச் சாயந்தரம் தாண்டினால் பெர்க்மான்ஸ் அண்ணன் வீட்டு அடுப்பும் இதில் சேர்ந்துவிடும். ஒருவேளை ரப்பர் நன்றாக இருக்குமோ. வேறு ஏதாவது, தண்ணி உறிஞ்சுகிற சல்லடையில் பாலித்தீன் பை ஒட்டிக்கொண்டிருக்கலாம், கடலில் இப்போது மீனைவிடப் பைதானே அதிகம். பைதான். பை என்றால் யார் தப்பும் இல்லை. நாலாவது போல்ட்டு தட்டில் விழுந்து உருண்டது.

அஞ்சாவது வரவில்லை. அதன் தலையை வெள்ளிக்கிழமை கோபத்தில் ரெமியே கழற்றப் பார்த்துத் தேய்த்து வைத்திருந்தான், ஸ்பேனர் பிடிக்க இடமில்லாமல் வழுக்கியது. "யாரு கை வச்சா இதுல?" என்றார் பெர்க்மான்ஸ் அண்ணன். "தங்கச்சி, கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தா தா." அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். மண்ணெண்ணெய் கேன் அலமாரிக்குக் கீழேதான் இருக்கிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கறி வேகிற வாசனை. இங்கேயே சொல்லிவிடலாம், ரெமியை உள்ளே கூப்பிட்டு, அடுப்படியில் வைத்து, யாருக்கும் தெரியாமல். ரெமி வெளியே போய், சரி விடு, பார்த்தது போதும், கூட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்பான். அப்போது பெர்க்மான்ஸ் அண்ணனுக்கு ஏன் என்று தெரியாது, ஊருக்கும் தெரியாது, டூப்ளிகேட் என்ற சொல் மட்டும் ஊரில் அப்படியே நடந்துகொண்டிருக்கும். அவள் கேனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொடுத்தாள். அவர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். குறட்டைப் போட்டு இறுக்கிப் பிடித்தார். க்ரீச் என்று ஒரு சத்தம், மெரின் திரும்பிப் பார்த்தாள், போல்ட்டு நகர்ந்துவிட்டது.

காலைக் கழற்றிக் கோணிச்சாக்கில் படுக்க வைத்தார்கள். சல்லடையில் பை இல்லை. பம்பு மூடியின் சின்னத் திருகுகளை அவர் எடுக்கும்போது மூன்று பேரின் தலையும் குனிந்து ஒன்றாகிவிட்டது, அவளுக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. பிறகு ரெமி நிமிர்ந்தான், விரல் நுனியில் அது இருந்தது. ஆறு இதழும் ஒரே பக்கமாகச் சுருண்டு, முனை உருகி, காய்ந்த பலாச்சுளை மாதிரி விறைத்திருந்தது. "ஏழு நாளு," என்றான் ரெமி. "போட்டு ஏழே நாளு ஆன ரப்பரு. மாமா, நீரே பாரும்." தொபியாஸ் மாமா வாங்கிப் பார்த்துவிட்டு பெர்க்மான்ஸ் அண்ணனிடம் கொடுத்தார். அவர் நடுவில் இருந்த பித்தளையைச் சட்டையில் துடைத்து எழுத்தைக் காட்டினார். "நம்பர் இருக்கு. கம்பெனி ரப்பருதான். பெட்டிகூட என் கடையில கிடக்கு." "அப்ப ஏன் இப்படிப் போச்சு?" அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். "எரிஞ்சிருக்கு. தண்ணி இல்லாம ஓடியிருக்கு." "தண்ணி இல்லாம எங்க ஓடுச்சு? நான் என்ன ரோட்டுலயா வள்ளம் ஓட்டுதேன்? கடலு வத்திப் போனதை எனக்கு மட்டும் யாரும் சொல்லலியோ?" பெர்க்மான்ஸ் அண்ணன் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெசிந்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது கேட்பார், வீட்டில் யாராவது இழுத்தார்களா என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம், கேட்டால் சொல்வது சுலபம், கேளும் அண்ணன், கேட்டுவிடும். அவர் கேட்கவில்லை. அவர் முகத்தில் வேறென்னமோ நடந்துகொண்டிருந்தது. "ரெமி," என்றார், குரல் இறங்கியிருந்தது. "புது ரப்பரைக் கூட்டுக்குள்ள வைக்கும்போது சோப்புத் தண்ணி தொட்டு வைக்கணும். தொடாம வச்சா, முதல்ல இழுக்கும்போது, தண்ணி ஏறுறதுக்குள்ள கருகிரும். அன்னைக்குப் பூசைக்கு மணி அடிச்சிட்டுன்னு அவசரமா வச்சேன். தொட்டேனா இல்லியான்னு எனக்கு ஞாபகம் வரல." தட்டில் இருந்த போல்ட்டுகளை ஒரு விரலால் வரிசைப்படுத்தினார். "தொட்டிருக்க மாட்டேன். எந் தப்பாத்தான் இருக்கும். நீ கூட்டத்துல சொல்லிக்கோ."

முதலில் அவளுக்கு வந்தது நிம்மதிதான், அதை அவள் பிறகு ஒரு நாளும் மறைக்கவில்லை. பிரசவம் முடிந்த நிமிசத்தில் வயிறு சட்டென்று காலியாகிற மாதிரி ஒரு நிம்மதி. முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார், அவள் கொடுக்கக்கூட இல்லை. அவள் ஒரு வெங்காயத்தை எடுத்தாள். அடியை நறுக்கினாள். தொட்டிருப்பார். கண்டிப்பாகத் தொட்டிருப்பார், ஏனென்றால் சோப்புத் தண்ணி கேட்டு அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார், துணி சோப்பை டம்ளரில் கரைத்துக் கொடுத்தது அவள்தான், நுரை போதுமா அண்ணன் என்று கேட்டாள், இது என்ன தங்கச்சி எஞ்சினுக்குக் குளியலா என்றார். அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு இல்லை. நேற்று வாசலில் நின்று ஊரைவிட்டுப் போகிறேன் என்று சவால் விட்ட மனுசனுக்குத் தன் கை செய்தது ஞாபகமில்லாமல் போய்விட்டது, அவர் மறந்ததில்லை அது, எல்லாரும் சொல்லிச் சொல்லி அழிந்துபோனது. அவள் உரித்த வெங்காயத்தைத் தோல் பக்கம் போட்டுவிட்டுத் தோலைக் கிண்ணத்தில் போட்டாள். "தொட்டிய அண்ணன்," என்றாள். சத்தம் சரியாக வரவில்லை. மூன்று பேரும் திரும்பினார்கள். "சோப்புத் தண்ணி தொட்டிய. நாந்தானே கரைச்சுக் குடுத்தேன். ரப்பர் போனது உங்களால இல்ல. நாந்தான் தண்ணி இல்லாம எஞ்சினை ஓட்டுனேன். மூணு நாளு."

"ஏட்டி, சும்மா இரு," என்றான் ரெமி. "இவனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராத." பிள்ளை அழுதது, சத்தம் கேட்டால் தூங்குவாள், அதனால்தான் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் தலையை ஆட்டினான். "நீ எஞ்சினை இழுத்தியா? நீ? அந்தச் சோக்கு எங்க இருக்குன்னு தெரியுமாட்டி உனக்கு?" அவள் எழுந்தாள். மெரினைத் தொபியாஸ் மாமா மடியில் உட்கார வைத்தாள். சட்டத்துக்குப் போய், பார்க்காமலே டேங்கு மூடியின் திருகைத் திறந்தாள், சோக்கை இழுத்தாள், இடது காலைச் சட்டத்தில் ஊன்றி, வலது கை கயிற்றுப் பிடியில், முதுகு வளைந்து. "ஐயோ தங்கச்சி, இழுத்துராத!" என்று பெர்க்மான்ஸ் அண்ணன் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார். "காலே இல்ல அதுக்கு!" தொபியாஸ் மாமாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏ ரெமி, உம் பொண்டாட்டி உன்னைவிட நல்லா நிக்கா, நாளைக்கு நீ வீட்டுல பிள்ளையப் பாரு, நான் இவளோட போறேன்." ரெமி சிரிக்கவில்லை. அவள் ஊன்றியிருந்த காலையே பார்த்தான். அந்த நிற்பு ஒருத்தருக்கு ஒரு நாளில் வராது என்று அவனுக்குத் தெரியும். "வெள்ளிக்கிழமையே தெரியுமா?" என்று கேட்டான். "மாமா சொன்னப்பத் தெரிஞ்சிட்டு." "ரெண்டு நாளு." "ஆமா." அவன் முருங்கை மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அவள் காலைக் கீழே இறக்கினாள். ஏசினால் நன்றாக இருக்கும். கை ஓங்கமாட்டான், அவன் அப்படி ஆளில்லை, ஆனால் இந்த முதுகை எவ்வளவு நேரம் பார்ப்பது. சட்டை முழுக்க வியர்வை, பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, துவைக்க வேண்டும், தண்ணி லாரி நாளைக்குத்தான்.

"நான் கூட்டத்துக்கு வந்து சொல்லுதேங்க," என்றாள் அந்த முதுகிடம். "பொம்பளைக வாரதில்லைன்னு தெரியும். வாசல்ல நின்னு சொல்லுதேன்." "நீ வரவேண்டாம்." "அப்ப யாரு சொல்ல?" "டூப்ளிகேட்டுன்னு சொன்ன வாயிதான் சொல்லணும்." அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது, அவன் வெங்காயம் உரிக்கவில்லை. "எம் பொண்டாட்டி பிள்ளையத் தூங்க வைக்க எஞ்சினை ஓட்டுனா, அதைக் கேக்காம நான் ஒருத்தன் கையைக் குத்தம் சொன்னேன்னு சொல்லணும். சொல்லிட்டு ஊரு சிரிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கணும்." நிற்பான், அவளுக்குத் தெரியும். ஊர் லேசில் சிரித்து முடிக்காது, அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைக்கும், மெரின் பெரிசாகிப் பள்ளிக்கூடம் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இன்னார் மகள் என்பார்கள். போகட்டும். பெர்க்மான்ஸ் அண்ணன் பையிலிருந்து புது ரப்பரை எடுத்தார், ஒருவேளை தேவைப்படும் என்று கொண்டுவந்திருந்தார். அவள் உள்ளே ஓடி டம்ளரில் சோப்பைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவர் ரப்பரை அதில் முக்கினார். எடுத்தார். கூட்டின் வாயில் வைத்து, வலப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே பெருவிரலால் அழுத்த, ஆறு இதழும் ஒன்றுபோலப் படிந்து உள்ளே போயிற்று. மூடியை எடுத்தவர் வைக்காமல் நின்றார். மறுபடி ரப்பரை வெளியே இழுத்தார். மறுபடி டம்ளரில் முக்கினார். "ஏல பெர்க்கு, அதான் தொட்டுட்டியே," என்றான் ரெமி. "தொட்டேன்ல?" என்று அவர் கேட்டது ரெமியை இல்லை, அவளை. விரல்களிலிருந்து நுரை சொட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். "தொட்டிய அண்ணன்," என்றாள் ஜெசிந்தா, "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ரெண்டு தடவை தொட்டிய." அவர் தலையாட்டிவிட்டு, ரப்பரைக் கூட்டில் வைக்காமல், இன்னொரு தடவை டம்ளரில் முக்கினார்.